திடலுக்குப் போடும் உரம் கால்வாய்க்குப் போகாமல் இருக்க: முழுமையான வழிகாட்டி

கோலாலம்பூரில் பள்ளித் திடலோ, தாமான் பூங்காவோ, கோயில் வளாகத்துப் புல்வெளியோ, எதுவானாலும் ஓரத்தில் ஒரு சிமெண்டுக் கால்வாய் இருக்கும். அது பெரிய கால்வாயில் சேர்ந்து, கோம்பாக் ஆற்றிலோ கிள்ளான் ஆற்றிலோ போய் விழும். கழிப்பறைத் தண்ணீர் சுத்திகரிப்பு நிலையம் வழியாகப் போகிறது. மழைத் தண்ணீருக்கு அப்படி எதுவும் கிடையாது. டத்தாரான் மெர்டேக்காவின் புல்வெளியிலிருந்து இரண்டு ஆறுகளும் கூடும் இடத்துக்கு நடந்தே போய்விடலாம். பினாங்கில் பாடாங் கோத்தா லாமாவைத் தாண்டினால் அடுத்தது கடல். திடலில் போட்ட உரத்தில் புல் எடுத்துக்கொள்ளாத பங்கு, வழியில் எங்கும் நிற்காமல் தண்ணீருக்குத்தான் போகும், அங்கே பாசியை வளர்க்கும்.

இந்த வழிகாட்டி பெற்றோர் ஆசிரியர் சங்கம், கோயில் நிர்வாகம், குடியிருப்பாளர் சங்கம், புல் வெட்டும் குத்தகையாளர் ஆகியோருக்காக. முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். இழப்பில் பெரும்பகுதியைத் தீர்மானிப்பவை இரண்டு: எந்த உர மூட்டையை வாங்குகிறீர்கள், எந்த நாளில் போடுகிறீர்கள். கால்வாய் ஓரத்தில் செடி நடுவதும், மழைநீரைத் தேக்கி மண் வழியே வடியவிடும் மழைத்தோட்டம் அமைப்பதும் அதற்கு அடுத்தபடிதான். பலர் செடியில் ஆரம்பித்து மூட்டையை மாற்றாமலே விட்டுவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் பணம் செலவாகும், பாசி குறையாது.

தழைச்சத்தும் மணிச்சத்தும் போகும் வழி வேறு

தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், தண்ணீரோடு எளிதில் நகரும். யூரியா கரைந்தவுடன் மின்னேற்றம் இல்லாத மூலக்கூறாக இருப்பதால் மண் அதைப் பிடித்து வைக்காது. சில நாட்களில் அம்மோனியமாக மாறும். அதைக் களிமண் பிடித்துக்கொள்ளும். பிறகு நுண்ணுயிர்கள் அதை நைட்ரேட்டாக மாற்றியதும் மீண்டும் பிடி தளர்ந்து, மழையோடு கீழே இறங்கும். மணல் பரப்பி அடியில் துளைக்குழாய் பதித்த பந்துத் திடல்களில் அந்த நைட்ரேட் குழாய் வழியாக நேரே கால்வாய்க்குப் போகும். ஓரத்தில் எத்தனை அடிக்குப் புல் விட்டாலும் அந்தக் குழாய் அதைத் தாண்டிப் போய்விடுகிறது.

மணிச்சத்து, அதாவது பாஸ்பரஸ், வேறு மாதிரி. இங்குள்ள செம்மண்ணில் இரும்பும் அலுமினியமும் அதிகம். அவை பாஸ்பரஸை இறுகப் பிடிக்கும். 'அப்படியானால் கவலை இல்லையே' என்று நினைத்தால் தவறு. அது மூன்று வழியில் தப்பிக்கிறது. உரம் போட்ட சில நாட்களுக்குள் பெருமழை பெய்தால் கரையாத குருணையும் புதிதாகக் கரைந்ததும் மேலோட்டமாக ஓடும். புல் இல்லாத இடத்தில் மண் அரிக்கும்போது மண்ணோடு சேர்ந்தே போகும். ஆண்டுக்கணக்கில் போட்டுப் போட்டு மேல் மண்ணின் முதல் சில சென்டிமீட்டர் நிரம்பிவிட்டால், உரம் போடாத நாளிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும்.

ஏரி குளங்களில் பெரும்பாலும் பாசியின் வளர்ச்சியைக் கட்டுப்படுத்துவது பாஸ்பரஸ். கடலோரத் தண்ணீரில் பெரும்பாலும் நைட்ரஜன். ஆகவே தித்திவங்சா ஏரிப் பக்கம் இருப்பவர்களுக்கு முதல் எதிரி மணிச்சத்து. பினாங்குக் கடலோரத்தில் இருப்பவர்கள் தழைச்சத்தையும் அதே அளவு கண்டிப்போடு பார்க்க வேண்டும்.

ஒரே ஒரு கணக்கு

7,000 சதுர மீட்டர் திடல் ஒன்றை எடுத்துக்கொள்வோம். என்.பி.கே. கிரீன் என்று கடையில் கேட்டு வாங்கும் 15-15-15 உரம், 50 கிலோ மூட்டை இரண்டு. மூட்டையில் உள்ள நடு எண் பாஸ்பரஸ் அல்ல, பாஸ்பரஸ் பென்டாக்சைடு, அதை 0.436-ஆல் பெருக்கினால்தான் உண்மையான பாஸ்பரஸ் கிடைக்கும். இரண்டு மூட்டையில் 15 கிலோ பென்டாக்சைடு, அதாவது சுமார் 6.5 கிலோ பாஸ்பரஸ். அதில் 5 சதவீதம் மட்டும் ஓடிப்போவதாக வைத்துக்கொள்ளுங்கள்: சுமார் 330 கிராம்.

இது 1 ஹெக்டேர் பரப்பும் 1.5 மீட்டர் ஆழமும் உள்ள குளத்தில் கலந்தால் லிட்டருக்கு 0.022 மில்லிகிராம் கூடும். குளம் மிகையாக ஊட்டமேறிய நிலைக்குப் போய்விட்டது என்று சொல்வதற்குப் பரவலாக எடுத்துக்கொள்ளப்படும் ஆண்டுச் சராசரி எல்லை 0.035 மில்லிகிராம். ஒரே ஒரு முறை போட்ட உரத்தில் தவறிய இருபதில் ஒரு பங்கு, அந்த எல்லையில் பாதிக்கு மேல் நிரப்பிவிடுகிறது. 1 கிராம் பாஸ்பரஸ் கிடைத்தால் சுமார் 114 கிராம் உலர்ந்த பாசி உருவாகலாம் என்பது பாசியின் வேதிக்கூட்டிலிருந்து வரும் கணக்கு. அப்படியென்றால் 330 கிராமுக்கு 37 கிலோ உலர்ந்த பாசி. ஈரத்தோடு பார்த்தால் அதன் பல மடங்கு.

பாசி பகலில் ஆக்சிஜன் விடும், இரவில் அதையே இழுக்கும். 30 பாகை வெப்பமுள்ள தண்ணீரில் ஆக்சிஜன் நிறைவாகக் கரைந்திருந்தாலே லிட்டருக்கு சுமார் 7.5 மில்லிகிராம்தான். இருப்பே குறைவு. அதனால்தான் மீன்கள் விடியற்காலையில் மேலே வந்து வாயைத் திறந்து நிற்கின்றன, விடிந்ததும் செத்து மிதக்கின்றன. நீலப்பச்சைப் பாசி வந்துவிட்டால் இன்னொரு கேடு: அதில் சில வகைகள் கல்லீரலைத் தாக்கும் மைக்ரோசிஸ்டின் நஞ்சை விடும். குடிநீரில் அதற்கு உலகச் சுகாதார நிறுவனம் வைத்த வரம்பு லிட்டருக்கு 1 மைக்ரோகிராம்.

படி 1: மழையில் போய்ப் பாருங்கள்

திடலின் நீள அகலத்தை அளந்து பரப்பைக் குறித்துக்கொள்ளுங்கள். கட்டடம், பாதை, கூடைப்பந்துத் தளம் எல்லாவற்றையும் கழித்துவிடுங்கள். அடுத்து நல்ல மழை ஒன்று பெய்யும்போது குடையோடு போய் ஓரமாக நில்லுங்கள். இடி மின்னல் இருந்தால் கூரைக்கு அடியிலிருந்து பார்த்தால் போதும். தண்ணீர் எந்த இடத்தில் திடலை விட்டு வெளியேறுகிறது, பரவலாகப் போகிறதா அல்லது ஓடை வெட்டிக்கொண்டு போகிறதா, சிவப்பாகக் கலங்கியிருக்கிறதா, கால்வாய்ச் சுவரில் ஏதாவது குழாய் வாய் தெரிகிறதா. இந்த நான்கையும் ஒரு காகித வரைபடத்தில் குறியுங்கள். கலங்கல் வரும் இடத்துக்கு மேலே புல் இல்லாத மண் கட்டாயம் இருக்கும். கோல் கம்பத்துக்கு முன்னால், பிள்ளைகள் வரிசையில் நிற்கும் இடம், கார் ஏறி இறங்கும் மூலை. அங்கே உரம் வேண்டாம். புல் பத்தைகளை வாங்கி ஒட்டிப் பதியுங்கள்.

படி 2: மண்ணைச் சோதியுங்கள்

திடலில் 15 முதல் 20 இடங்களில், குறுக்கும் நெடுக்குமாக நடந்து, 10 சென்டிமீட்டர் ஆழம்வரை மண் எடுங்கள். புல்லையும் வேரையும் உதறிவிட்டு ஒரு பிளாஸ்டிக் வாளியில் கலந்து, அரைக் கிலோவை நிழலில் உலர்த்தி ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புங்கள். துத்தநாகம் பூசிய வாளி வேண்டாம். கேட்க வேண்டியவை: காரகாடித்தன்மை (பி.எச்.), கிடைக்கும் பாஸ்பரஸ், பொட்டாசியம், கரிமப்பொருள். கால்வாயிலிருந்து 5 மீட்டருக்குள் உள்ள மண்ணைத் தனி மாதிரியாகக் கொடுத்தால் நல்லது.

அறிக்கையில் பாஸ்பரஸ் 'போதுமானது' என்றோ 'அதிகம்' என்றோ வந்தால், அடுத்த சோதனை வரை மணிச்சத்தை முழுவதுமாக நிறுத்துங்கள். பல ஆண்டுகள் 15-15-15 போட்டு வளர்ந்த திடலுக்கு இது பெரும்பாலும் பொருந்தும். காரகாடித்தன்மை 5-க்குக் கீழே இருந்தால் புல் வெளிறுவதற்குக் காரணம் உரக்குறைவாக இல்லாமல் அமிலமாக இருக்கக்கூடும். அதற்குத் தீர்வு உரக்கடைகளில் ஜி.எம்.எல். என்று சொல்லும் சுண்ணாம்புத் தூள். அதையும் யூரியா அல்லது அம்மோனியம் சல்பேட்டையும் ஒரே வாரத்தில் போட்டுவிடாதீர்கள்: சுண்ணாம்பு பட்டதும் நைட்ரஜன் அம்மோனியா வாயுவாகப் பறந்துவிடும். மூன்று வார இடைவெளியாவது விடுங்கள்.

படி 3: மூட்டையை மாற்றுங்கள்

புல்லின் திசுவில் நைட்ரஜனும் பாஸ்பரஸும் ஏறக்குறைய எட்டுக்கு ஒன்று என்ற விகிதத்தில் இருக்கும். 15-15-15 உரத்தில் அது 2.3-க்கு ஒன்று. புல்லுக்குத் தேவையான நைட்ரஜனைக் கொடுக்க இதைப் பயன்படுத்தினால் தேவையைப் போல் மூன்று மடங்குக்கு மேல் பாஸ்பரஸ் விழும். தோட்டத்தில் மிஞ்சியது என்று யாராவது நன்கொடையாகத் தரும் செம்பனை உரத்துக்கும் இதே கதைதான். 12-12-17-2, அதாவது என்.பி.கே. புளூ, காய்க்கும் செடிக்கு உகந்தது. திடல் புல்லுக்கு வேண்டாம்.

கோழி எருவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 'இயற்கை உரம், தண்ணீரைக் கெடுக்காது' என்ற நம்பிக்கை நம்மிடையே ஆழமாக இருக்கிறது. கோழி எருவில் நைட்ரஜனுக்கு ஈடாகப் பாஸ்பரஸ் மிக அதிகம். பாசிக்கு அது எருவிலிருந்து வந்ததா தொழிற்சாலையிலிருந்து வந்ததா என்பது தெரியாது. காய்கறிப் பாத்தியில் மண்ணோடு கலந்து போடுங்கள், நல்லது. திடலின் மேலே தூவினால் அடுத்த மழையில் மிதந்து போகும்.

எங்கள் பரிந்துரை இதுதான். தண்ணீர் தெளிக்க வசதி உள்ள திடலுக்கு யூரியா, இல்லாத திடலுக்கு அம்மோனியம் சல்பேட். யூரியாவைப் போட்டுவிட்டுத் தண்ணீர் விடாமல் வெயிலில் கிடக்கவிட்டால் ஒரு பங்கு காற்றில் போய்விடும். அமில மண்ணில் அம்மோனியம் சல்பேட்டுக்கு அந்த இழப்பு மிகக் குறைவு. ஆனால் அது மண்ணை மேலும் அமிலமாக்கும், ஆகவே ஆண்டுக்கு ஒரு முறை காரகாடித்தன்மையைப் பார்க்க வேண்டும். பணம் இருந்தால் பூச்சுப் பூசிய, மெதுவாகக் கரையும் யூரியா மூன்றிலும் சிறந்தது. பையில் 'ஆறு மாதம்' என்று போட்டிருப்பதை அப்படியே நம்ப வேண்டாம். அது பெரும்பாலும் 21 முதல் 25 பாகை மண் வெப்பத்துக்குச் சொன்ன கணக்கு. நம் மண்ணின் சூட்டில் சீக்கிரமே தீர்ந்துவிடும். சாம்பல் சத்து, அதாவது பொட்டாசியம், தேவை என்று அறிக்கை சொன்னால் பொட்டாஷைத் தனியாக வாங்கிச் சேருங்கள்.

படி 4: அளவு

சாதாரணப் பள்ளித் திடலில் இருப்பது பெரும்பாலும் அகன்ற இலையுள்ள கௌகிராஸ். அது குறைந்த ஊட்டத்திலேயே வாழும். ஒரு முறைக்குச் சதுர மீட்டருக்கு 2.5 கிராம் நைட்ரஜன், ஆண்டுக்கு மூன்று முறை, மிஞ்சினால் நான்கு. அருகம்புல் இனத்துப் பந்துத் திடலுக்கு ஆண்டுக்கு இதைவிட நிறையத் தேவைப்படும். அதையும் ஒரே நேரத்தில் கொட்டாமல் இதே சிறு அளவில் அடிக்கடி கொடுங்கள்.

மூட்டைக் கணக்கு: அம்மோனியம் சல்பேட்டில் நைட்ரஜன் 21 சதவீதம். 2.5-ஐ 0.21-ஆல் வகுத்தால் சதுர மீட்டருக்கு சுமார் 12 கிராம். 7,000 சதுர மீட்டருக்கு 84 கிலோ. யூரியாவில் 46 சதவீதம், 5.4 கிராம், மொத்தம் 38 கிலோ. 'இரண்டு மூட்டை வாங்கிவிட்டோம், மிச்சம் எதற்கு' என்று கடைசியில் ஒரே மூலையில் கொட்டுவது வழக்கமாக நடக்கிறது. மீதியைக் கட்டி உலர்ந்த இடத்தில் வையுங்கள்.

கையால் வீசினால் பட்டை பட்டையாகத்தான் விழும். தள்ளுவண்டித் தூவியை வாங்கவோ இரவல் கேட்கவோ பாருங்கள். அதை அளவுக்குக் கொண்டுவருவது எளிது. 3 மீட்டர் அகலத்துக்குத் தூவும் வண்டி என்றால் 20 மீட்டர் தள்ளினால் 60 சதுர மீட்டர். உரத்தை எடை போட்டு ஊற்றி, தார்ப்பாய் விரித்த தரையில் 20 மீட்டர் தள்ளி, மிச்சத்தை எடை போடுங்கள். 12 கிராமில் பாதி, 6 கிராம் வீதம், 360 கிராம் குறைந்திருக்க வேண்டும். அதிகமானால் வாயைச் சிறிதாக்கி மறுபடி பாருங்கள். பாதி அளவு வைப்பதற்குக் காரணம், ஒரு முறை நெடுக்காகவும் ஒரு முறை குறுக்காகவும் தூவினால்தான் சீராக விழும்.

படி 5: நாள் பார்ப்பது

கோலாலம்பூரில் மார்ச் முதல் மே முற்பகுதி வரையும், அக்டோபர், நவம்பரிலும் மாலை இடிமழை கடுமை. அந்த மாதங்களில் உரப்பையைத் தொடாதீர்கள். பிப்ரவரி, ஜூன், ஆகஸ்ட் மாதங்கள் உகந்தவை. பினாங்கில் செப்டம்பர், அக்டோபர் மிக ஈரம். ஜனவரி, பிப்ரவரி வறட்சி, தண்ணீர் தெளிக்க முடியாவிட்டால் புல் அப்போது உரத்தை எடுக்காது.

நாளைத் தேர்ந்தெடுக்க வானிலைத் துறையான மெட்மலேசியாவின் மைச்சுவாச்சா செயலியில் அடுத்த இரண்டு நாள் முன்னறிவிப்பைப் பாருங்கள்; வடிகால் துறையின் பப்ளிக் இன்ஃபோபஞ்சிர் தளத்தில் அருகிலுள்ள மழைமானியில் நேற்று எவ்வளவு பெய்தது என்பது தெரியும். திடலில் காலை அழுத்தி எடுங்கள். தடத்தில் தண்ணீர் ஊறினால் மண் ஏற்கெனவே நிரம்பியிருக்கிறது, அன்று வேண்டாம். 'மழைக்கு முன்னால் போட்டால் மழையே கரைத்துவிடும்' என்ற பழைய யோசனை தூறலுக்குப் பொருந்தும். நம் மாலை மழை தூறல் இல்லை.

காலையில் பனி காய்ந்ததும் தொடங்கி, முடித்தவுடன் 6 மில்லிமீட்டர் தண்ணீர் தெளியுங்கள். அது சதுர மீட்டருக்கு 6 லிட்டர், முழுத் திடலுக்கு 42,000 லிட்டர். ரப்பர் குழாயோடு நின்று கொடுக்கும் அளவல்ல இது. ஆகவே தெளிப்பான் இல்லாத பள்ளிகள் திடலை நான்காகப் பிரித்து, வாரம் ஒரு பகுதியாகப் போடுங்கள். பெருமழை ஏமாற்றினாலும் போவது கால் பங்குதான்.

படி 6: ஓரமும் துடைப்பமும்

கால்வாயிலிருந்து 3 மீட்டருக்குள் உரம் வேண்டாம்; சுழன்று வீசும் வண்டி என்றால் 5 மீட்டர். சிமெண்டுப் பாதையில் விழுந்த குருணையைத் துடைப்பத்தால் கூட்டிப் புல்லுக்குத் தள்ளுங்கள். தண்ணீர் அடித்துக் கழுவாதீர்கள். திடலில் விழுந்த குருணைக்குப் புல் வேர் ஒரு வாய்ப்பு. சிமெண்டில் விழுந்ததற்கு அதுவும் இல்லை, அது முழுவதும் கால்வாய்க்கே சொந்தம். இவ்வளவு குறைந்த உழைப்பில் இவ்வளவு பயன் தரும் வேலை இந்த வழிகாட்டியில் வேறு எதுவும் இல்லை. தூவியையும் புல் மீது வைத்தே கழுவுங்கள்.

படி 7: வெட்டுவதும் துளையிடுவதும்

வெட்டிய புல்லைத் திடலிலேயே விடுங்கள். அதில் உள்ள சத்து தேவையில் கால் பங்கை ஈடுகட்டும். ஆனால் அதே புல் கால்வாயில் விழுந்தால் ஊறி, சில நாட்களில் பாஸ்பரஸை விட்டுவிடும். ஆகவே கால்வாய் ஓரம் வெட்டும்போது வெட்டுக்கத்தி வீசும் திசை திடலின் உட்பக்கமாக இருக்கட்டும். குத்தகையாளர்கள் ஊதுகுழல் வைத்துப் பாதையிலிருந்து கால்வாய்க்கு ஊதித் தள்ளும் வழக்கத்தை ஒப்பந்தத்திலேயே எழுதித் தடுங்கள்.

மண் இறுகியிருந்தால் மற்ற எல்லா முயற்சியும் பாதியாகும். 150 மில்லிமீட்டர் விட்டமுள்ள பி.வி.சி. குழாய்த் துண்டைப் பலகை வைத்துத் தட்டி 6 சென்டிமீட்டர் இறக்குங்கள். ஒரு முறை நீர் ஊற்றி இறங்கவிட்டு, மறுபடி 5 சென்டிமீட்டர் ஊற்றி நேரம் பாருங்கள். ஒரு மணி நேரத்துக்குள் இறங்கினால் தாராளம். இரண்டு மணி நேரம் தாண்டினால் துளையிடும் இயந்திரத்தை வாடகைக்கு எடுத்து, 7 முதல் 10 சென்டிமீட்டர் ஆழத்துக்கு மண்குச்சிகளை உருவி எடுங்கள். வெறுமனே ஆணி குத்துவது போதாது. பக்கத்து மண்ணை அது இன்னும் இறுக்கும். துளையிட்ட பிறகு உரம் போடுவதே சரியான வரிசை.

படி 8: தண்ணீர் வெளியேறும் இடம்

மலேசியாவின் நகர்ப்புற மழைநீர் மேலாண்மைக் கையேடான மஸ்மாவின் 2012 பதிப்பு, புதிய கட்டுமானங்களுக்கு மொத்த நைட்ரஜனிலும் மொத்த பாஸ்பரஸிலும் 50 சதவீதம் குறைக்க இலக்கு வைத்திருக்கிறது. பழைய திடல்களிலும் அதே முறையைச் சிறிய அளவில் செய்யலாம்.

உரம் போடாத அந்த 3 மீட்டர் பட்டையில் புல்லை 7 முதல் 10 சென்டிமீட்டர் உயரம் விடுங்கள். தண்ணீர் பரவலாக ஓடினால்தான் இது வேலை செய்யும். ஓடை வெட்டிய இடத்தில் சரிவுக்குக் குறுக்காக வெட்டிவேரை 15 சென்டிமீட்டர் இடைவெளியில் ஒரு வரிசை நடுங்கள். மண் அதில் தங்கும், நீர் பிரிந்து பரவும்.

தண்ணீர் வெளியேறும் முக்கிய இடத்தில் மழைத்தோட்டம் அமைக்க இடவசதி இருந்தால், அதற்கு நீர் அனுப்பும் பரப்பில் சுமார் 5 சதவீதம் ஒதுக்குங்கள். மேலே 15 சென்டிமீட்டர் தேங்கும் குழி, கீழே 60 சென்டிமீட்டர் மணல் கலந்த மண், அதற்கும் கீழே சரளையில் 100 மில்லிமீட்டர் துளைக்குழாய். கல்வாழையும் வெட்டிவேரும் நன்றாக வரும். இரண்டு பிழைகள் மிகப் பரவலானவை. செடி செழிக்கட்டும் என்று கம்போஸ்ட்டை அள்ளிக் கலப்பது. அந்தத் தோட்டம் பாஸ்பரஸைப் பிடிப்பதற்குப் பதிலாக மாதக்கணக்கில் விட்டுக்கொண்டிருக்கும். மற்றது, தண்ணீர் இரண்டு நாளுக்கு மேல் நிற்கவிடுவது. ஏடிஸ் கொசு இருக்கும் ஊரில் அதற்கு மன்னிப்பே கிடையாது. 24 மணி நேரத்தில் வடியாவிட்டால் மேலே படிந்த வண்டலைச் சுரண்டி எடுங்கள். செடிகளை ஆண்டுக்கு இரண்டு முறை வெட்டி வெளியே கொண்டுபோக மறக்க வேண்டாம்.

படி 9: தண்ணீரைச் சோதித்துப் பார்ப்பது

சுற்றுச்சூழல் துறையின் நீர்த்தரக் குறியீடு ஆறு அளவுகளைக் கொண்டது: கரைந்த ஆக்சிஜன், பி.ஓ.டி. (கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்குத் தேவைப்படும் ஆக்சிஜன்), சி.ஓ.டி. (அதே கழிவை வேதிமுறையில் சிதைக்கத் தேவைப்படும் ஆக்சிஜன்), அம்மோனியா நைட்ரஜன், நீரில் கலங்கியிருக்கும் திடப்பொருள், காரகாடித்தன்மை. பாஸ்பரஸும் நைட்ரேட்டும் அதில் இல்லை. ஆகவே ஓர் ஆற்றுக்கு 'தூய்மை' என்று குறியீடு வந்தாலும், கீழே உள்ள ஏரியில் பாசி ஏன் பூக்கிறது என்பதற்கு அது விடை சொல்லாது. நீங்களே அளக்க வேண்டும்.

மழை தொடங்கி முதல் அரை மணி நேரத்தில் வெளியேறும் நீரே அடர்த்தியானது. திடலுக்கு மேற்புறத்தில் கால்வாயில் ஒரு போத்தல், கீழ்ப்புறத்தில் ஒரு போத்தல். போத்தலைச் சவர்க்காரத்தால் கழுவாமல், அதே தண்ணீரால் மூன்று முறை அலசி நிரப்புங்கள். ஐஸ் பெட்டியில் வைத்து அன்றே சோதியுங்கள் அல்லது ஆய்வுக்கூடத்தில் கொடுங்கள்.

மீன் தொட்டிக் கடையில் விற்கும் பாஸ்பேட் சோதனைப் பெட்டி பெரும்பாலும் இதற்கு உதவாது. அதன் முதல் நிறமாற்றமே குளத்துக்கு ஆபத்தான அளவைத் தாண்டித்தான் தெரியும். 0.02 மில்லிகிராமைக் காட்டும் குறைந்த வீச்சுப் பெட்டி கேளுங்கள். பெட்டி பாஸ்பேட்டைக் காட்டினால் 3.06-ஆலும், நைட்ரேட்டைக் காட்டினால் 4.43-ஆலும் வகுத்த பிறகே பாஸ்பரஸ், நைட்ரஜன் அளவுகளோடு ஒப்பிடுங்கள். இந்த வகுத்தலை விட்டுவிட்டுப் பதறுபவர்கள் நிறைய.

மழை இல்லாத நாளிலும் அதே இரண்டு இடங்களில் மாதிரி எடுங்கள். தண்ணீர் வற்றிய நாளில் மேற்புறத்திலேயே அம்மோனியா நைட்ரஜன் 0.9 மில்லிகிராமைத் தாண்டினால், அது தேசிய நீர்த்தர வரையறையின் மூன்றாம் வகுப்பைவிட மோசம்; அதற்கு உங்கள் திடல் காரணமாக இருக்க முடியாது. கழிவுநீர்க் குழாய்க் கசிவோ, கால்வாயில் நேரே விடப்பட்ட உணவுக்கடைத் தண்ணீரோ மேலே எங்கோ இருக்கிறது. தேதி, நேரம், இடம், இரண்டு அளவுகள், படம் ஆகியவற்றோடு நகராண்மைக்கும் வடிகால் துறைக்கும் எழுத்தில் புகார் கொடுங்கள். மழை நாளில் மட்டும் கீழ்ப்புற பாஸ்பரஸ் மேற்புறத்தைவிடக் கூடினால் படி 1-இல் வரைந்த வரைபடத்தை எடுத்து, முதலில் கலங்கல் வந்த மூலையைப் போய்ப் பாருங்கள்.